மெழுகில் முக்கும் முன்

1

ஐந்தரைக்கு எழுகிறேன். அடுப்பில் தண்ணீர் வைக்கிறேன். பால் சேர்க்காத சிவப்புத் தேநீர், இரண்டு கோப்பை. ஒன்று எனக்கு, ஒன்று மாமியாருக்கு. அவர் பாக்கை மென்று முடித்த பிறகுதான் குடிப்பார். அதனால் அவருடையதை மூடி வைக்கிறேன். அறைக்குத் திரும்பி ஆம்ப்பின் சுவிட்சைத் தட்டுகிறேன். கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பழைய வால்வு ஆம்ப். சூடேற அரை நிமிடம் ஆகும். கட்டில் ஓரத்தில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்கிறேன். இரைச்சல் வருகிறது. நான்கு நிமிடம் கேட்கிறேன். அணைக்கிறேன். குளிக்கிறேன். எட்டு மணிக்குச் சோறும் கருவாட்டுத் துவையலும். எட்டரைக்கு வானொலி நிலையம்.

வாசிப்பதில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கேட்டு வாங்கிய கதை இது. எங்கள் ஊர்க் கிட்டார் பிரியர் சங்கத்துக்கு இது பத்தாவது ஆண்டு. மலர் போடுகிறார்கள். செயலாளர் பா டோமி போன் செய்தார். [எங்கள் ஊரில் பா என்றால் அண்ணன், கொங் என்றால் அக்கா.] ‘பழைய மின்கிட்டாரை வாசிப்பதன் சுகம்’ என்று இரண்டு பக்கம் வேண்டுமாம்.

“பா டோமி, எனக்கு வாசிக்கத் தெரியாதே.”

“தெரிஞ்சவங்க பூரா வாசிச்சிட்டிருக்காங்க. எழுதத்தான் ஆள் இல்ல. நீ நியூஸ் எழுதுற ஆளு.”

“நியூஸ் வேற, இது வேற.”

“என்ன பெரிய வேற. நடந்ததை எழுது. நல்லா இருந்துச்சுன்னு முடி.”

நல்லா இருந்துச்சு என்று முடிக்கப் பார்த்ததுதான் இது. [அவருக்கு அனுப்பிய இரண்டு பக்கம் வேறு. அதில் எல்லாம் நன்றாக இருந்தது.]

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘1966இல் ஜப்பானில் செய்யப்பட்ட அந்தச் சிவப்புக் கிட்டார் கல்கத்தா வழியாக ஷில்லாங் வந்து சேர்ந்தபோது—’

வந்து சேர்ந்தபோது நான் பிறக்கவில்லை. என் மனைவியின் தாய்மாமன் கொண்டுவந்தார். எப்படி என்று கேட்டால் அந்த வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எல்லாக் கதையிலும் ஒரு கப்பல் உண்டு. கல்கத்தாவிலிருந்து மலை மேலிருக்கும் ஷில்லாங்குக்குக் கப்பல் எப்படி வந்தது என்று நான் ஒரு முறை கேட்டேன். அதன் பிறகு ஒரு வாரம் எனக்கு அடிப்பிடித்த சோறு வந்தது.

இரண்டாவது முயற்சி: ‘இசை என்பது—’

அடித்துவிட்டேன்.

மூன்றாவது: ‘பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை என் மனைவி பலாரிஷா கடைக்குப் போனாள். பகிர்வு டாக்சியில் போனாள. சரிவில் நின்றிருந்த லாரி ஒன்று உருண்டு வந்தது. அவளுக்கு வயது முப்பத்தொன்று.’

செய்தியாக இது சரி. ஓர் எழுத்துப்பிழை தவிர மாற்ற ஒன்றுமில்லை. [‘போனாள.’ புள்ளி விட்டுப்போயிருக்கிறது. இருக்கட்டும்.] ஆனால் கதையாக எழுதினால் தொடங்கிய இடத்திலேயே முடிந்துவிடுகிறது. அதனால் மூன்றையும் விட்டுவிட்டுத் தேநீர் வைப்பதிலிருந்து தொடங்கினேன்.

உங்களுக்கு ஒரு வார்த்தை. முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். பதினான்கு மாதமாக எல்லோரும் அந்த முகத்தோடுதான் எனக்குச் சோறு போடுகிறார்கள். இது கிட்டார் கதை.

3

கிட்டாரைப் பற்றி.

சிவப்பு என்றேன். முன்கை படும் இடத்தில் சிவப்பு போய் மரம் தெரிகிறது. தாய்மாமனின் கை, பிறகு என் மனைவி ரிஷாவின் கை. முதுகில் பெல்ட் கொக்கி கீறிய கோடுகள். அது தாய்மாமன். ரிஷா பெல்ட் போட்டதில்லை. நான்கு சுவிட்சுகள். அவற்றில் ஒன்று எதையும் செய்யாது. ரிஷா வாசிப்பதற்கு முன் அதையும் போடுவாள். எதற்கு என்று கேட்டால், “அதுவும் வேலைக்கு வந்திருக்கில்ல, பாவம்” என்பாள்.

இரைச்சலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் காலத்துக் கிட்டார்களில் அது இல்லை, பொறியாளர்கள் சரிசெய்துவிட்டார்கள். இதில் உண்டு. அதுவும் திசைக்குத் திசை மாறும். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் மழை மாதிரி. கதவைப் பார்த்தால் குளிர்சாதனப் பெட்டி மாதிரி. துணி அலமாரியைப் பார்த்துச் சற்றே இடதுபக்கம் திரும்பினால் ஏறக்குறைய நின்றுவிடும். ரிஷா மணிக்கணக்கில் துணி அலமாரியைப் பார்த்து வாசித்துக்கொண்டிருப்பாள். கல்யாணமான புதிதில் சண்டை என்று நினைத்தேன்.

இனி முக்கியமானது. தந்திகளுக்குக் கீழே ஒரு காந்தம். அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. பிக்கப் என்பார்கள். தந்தி அதிர்வதை அது மின்சாரமாக்கி ஆம்ப்புக்கு அனுப்பும். தந்தி அதிர்வது மட்டும்தான் அதற்குக் கேட்க வேண்டும். ஆனால் ஐம்பத்தெட்டு வருடத்தில் அந்தச் சுற்று தளர்ந்துவிட்டது. தளர்ந்த பிக்கப்புக்கு எல்லாம் கேட்கும். நகத்தால் மரத்தைத் தட்டினால் கேட்கும். அருகில் குனிந்து பேசினால் பேச்சும் கேட்கும்.

ரிஷா பேசினாள்.

நான் சமையலறையில் இருப்பேன். மாமியார் கீழே தன் தேநீர்க் கடையில் இருப்பார். அந்த நேரம் பார்த்து அறைக்குள்ளிருந்து, தகர டப்பாவுக்குள் உட்கார்ந்த யாரோ மாதிரி ஒரு குரல் வரும்.

“கின்சாய். அரிசியை எத்தன தடவ கழுவுவ. அது சட்ட இல்ல.”

“கின்சாய். எதிர்வீட்டுக் கொங் வர்றாங்க. நீ வீட்ல இல்ல. நானும் இல்ல.”

“செய்திகள் வாசிப்பது பலாரிஷா. ஷில்லாங்கில் ஒரு கணவர் இன்னும் தேநீர் கொண்டுவரவில்லை.”

நான் சமையலறையிலிருந்தே கத்திப் பதில் சொல்வேன். நான்கு வருடத்தில் ஒரு முறைகூட அறைக்குள் போய்க் குனிந்து அதில் பேசியதில்லை. கை ஈரமாக இருக்கும், அல்லது போனில் இருப்பேன்.

அவள் குரல் அதற்குள் இல்லை. எனக்குத் தெரியும். அது கேட்கும், வைத்துக்கொள்ளாது. இயற்பியலில் பட்டம் வாங்கியிருக்கிறேன்.

4

சிக்கல் இங்கே தொடங்குகிறது.

எங்கள் வழக்கத்தில் கல்யாணமானால் ஆண்தான் மனைவி வீட்டுக்குப் போவான். வீடு கடைசி மகளுக்கு. கடைசி மகள் ரிஷா. அவள் போன பிறகு வீடு அவள் அக்கா இபானுக்கு. மார்ச்சில் இபான் புருஷனும் பிள்ளைகளுமாக வந்து மேல்மாடியில் குடியேறினாள். மனைவி இறந்தவன் தன் அம்மா வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வருடம் முடிந்ததும் நான் மாவ்லாய்க்குக் கிளம்பியிருக்க வேண்டும். இது பதினான்காவது மாதம். யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. காலையில் இரண்டு கோப்பைத் தேநீர் வைக்கிறேன், அவ்வளவுதான்.

கிட்டாரும் வீட்டோடு சேர்ந்தது. ரிஷாவின் வாத்தியக் குழுவில் நான்கு பெண்கள். இப்போது அவள் இடத்தில் இபான் வாசிக்கிறாள். சங்கத்தின் விழா சனிக்கிழமை. திங்களன்று ஒத்திகைக்குக் கிட்டாரைக் கொண்டுபோனாள். அரை மணியில் திரும்பி வந்துவிட்டாள்.

“கத்துது.”

“எப்படி?”

“பன்னியப் பிடிச்ச மாதிரி. சத்தத்த ஏத்துனா கீ-ன்னு ஒரே கத்து. டிரம்ஸ் வாசிக்கிறவ காத மூடிக்கிட்டு வெளிய போயிட்டா. தெருநாய் ரெண்டு உள்ள வந்துருச்சு.”

“ரிஷா வாசிச்சப்ப கத்தலயே.”

“ரிஷா கம்பம் மாதிரி ஒரு இடத்துல நிப்பா. எங்க நின்னா கத்தாதுன்னு அவளுக்குத் தெரியும். நான் ஆடாம வாசிச்சா ரேஷன் கார்டு போட்டோ மாதிரி இருப்பேன், கின்.”

செவ்வாயன்று இருவரும் லைதும்க்ராவில் மில்லியனின் பட்டறைக்குப் போனோம்.

[இந்தப் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம். என்னோடு கல்லூரியில் படித்தவன். மாடிப்படிக்குக் கீழே பட்டறை. தலை இடிக்கும் உயரம், அவனோ ஆறடி. உட்கார்ந்துகொண்டே நடப்பான். பெயர் மில்லியன். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று மாற்றப் பார்த்தேன். அவன் தம்பி பெயரை வைக்கலாமா என்று யோசித்தேன். தம்பி பெயர் அட்வான்ஸ். மில்லியனே இருக்கட்டும்.]

மில்லியன் பிக்கப்பை நகத்தால் தட்டினான். ஆம்ப் டொக் டொக் என்றது.

“சுத்து லூசு. மெழுகுல முக்கணும். உருக்கின மெழுகு, இருவது நிமிஷம். சந்துல எல்லாம் இறங்கி இறுகிடும். அப்புறம் வாயத் திறக்காது.”

“வாயா, காதா?” என்றேன்.

“ரெண்டும் ஒண்ணுதான்டா இதுக்கு.”

“அப்புறம் பேசினாக் கேக்காதா?”

“கிட்டார்ல எதுக்குடா பேசணும். கிட்டார வாசி, போன்ல பேசு.” இபானைப் பார்த்தான். “கொங், இவன் நல்லா இருக்கானா?”

“சாப்பிடுறான்,” என்றாள் இபான்.

“முக்கிடவா?”

இபான் என்னைப் பார்த்தாள். கிட்டார் அவளுடையது. என்னைக் கேட்க வேண்டிய அவசியமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“நாளைக்குச் சொல்றேன்,” என்றேன்.

புதன்கிழமையும் நாளைக்கு என்றேன். காரணம் கேட்டபோது, பழைய கிட்டாரில் எதையும் தொடக்கூடாது என்று பா டோமி சொல்வதைச் சொன்னேன். அவர் அப்படித்தான். பழைய கிட்டாரின் ஈயப்பற்றைக்கூட உருக்கக் கூடாது என்பார். துருவைத் துடைத்தவர்களோடு பேசமாட்டார்.

“பா டோமியா?” என்றாள் இபான். “அவரு முட்டி ரெண்டையும் மாத்திட்டு வந்து நிக்கிறாரு. அதுக்கு மட்டும் பழசு வேணாமாம்.”

இதுதான் கதையில் பணயம். தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், தேடவேண்டாம். சனிக்கிழமைக்குள் மெழுகில் முக்க வேண்டும். முக்கினால் இபான் ஆடலாம். அந்தக் கிட்டாருக்குப் பேச்சு கேட்காது. முக்காவிட்டால் கேட்கும். பேசத்தான் யாரும் இல்லை.

5

வியாழன் காலை. ஐந்தரைக்கு எழுந்தேன். தண்ணீர் வைத்தேன். வாசலில் ஏதோ மூட்டை.

என் மழைக்கோட்டு. மூங்கில்குருத்து ஊறுகாய், பெரிய பாட்டில். பக்கத்தில் கிட்டார்ப் பெட்டி. அதன் மேல் மாமியாரின் கட்டம்போட்ட சால்வை சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. சந்தைக்குக் கோழி கொண்டுபோகும் கட்டு.

இரண்டு கோப்பையிலும் தேநீரை ஊற்றிக்கொண்டு போனேன். மாமியாரை எல்லோரும் கூப்பிடுவதுபோல நானும் மெய் என்றுதான் கூப்பிடுவேன். அம்மா என்று அர்த்தம்.

“மெய். நான் இன்னிக்கேவா போகணும்?”

“எங்க போற?”

“வாசல்ல மூட்டை இருக்கே.”

“அது கிட்டாரு.” பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். “நீ கேக்க மாட்ட. ரெண்டு நாளா நாளைக்கு நாளைக்குன்னு இழுக்குற. காலையில மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்க. உங்க அம்மா வீட்டுக்குக் கொண்டுபோகணும்னு ஆசை. வாய் வரல. சரி, நானே கட்டிட்டேன். அம்மாவுக்கு ஊறுகா.”

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது எங்கள் ஊரில் பிறக்காதவர்களுக்குத் தெரியாது. மனைவி வீட்டுப் பொருள் கணவனோடு வெளியே போகாது. ஒரு கரண்டிகூடப் போகாது. தாய்மாமன் உயிரோடு இருந்தால் கூரை ஏறிக் கத்தியிருப்பார்.

“ஊர்ல கேட்டா?”

“வித்துட்டேன்னு சொல்லிக்கிறேன்.”

“யாருக்கு வித்த?” மாடிப்படியில் இபான். தலை சீவாமல், கையில் பல்துலக்கி. “மெய், எனக்கு நாளான்னிக்குக் கச்சேரி.”

“நீ புதுசு ஒண்ணு வாங்கிக்க. கடையில தொங்குது.”

“புதுசு சொன்னத மட்டும்தான் செய்யும். இது எதிர்த்துப் பேசும். நான் ஒண்ணு வாசிச்சா, அப்படியா பாக்கலாம்னு அது ஒண்ணு சேத்துக்கும். அதுக்குத்தானே இது.”

[பா டோமி கேட்ட இரண்டு பக்கமும் இந்தப் பேச்சிலேயே இருக்கிறது. பல்துலக்கியோடு சொன்னாள். நான் பெயர் போடாமல் என் கட்டுரையில் சேர்த்துக்கொண்டேன்.]

“நான் அதக் கேக்கல, மெய்,” என்றேன். “கொண்டுபோறதுக்கில்ல.”

“பின்ன எதுக்கு ரெண்டு நாளா எங்கள இழுத்தடிச்ச?”

சொல்ல வேண்டியதாயிற்று. நின்றுகொண்டே சொன்னேன், செய்தி மாதிரி. ரிஷா பேசுவாள், ஆம்ப்பில் வரும், மெழுகில் முக்கினால் வராது. அவ்வளவுதான்.

நான் இந்த இடத்தில் அழுகை எழுதியிருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன், ஏனென்றால் நடக்கவில்லை. நடந்தது இது. மெய் ஜன்னலைத் திறந்து பாக்கைத் துப்பினார். வாயைக் கொப்பளித்தார்.

“கயித்த அவுரு. போட்டுக் காட்டு.”

ஆம்ப் சூடேற அரை நிமிடம். மெய் முழங்காலில் உட்கார்ந்து, கோவிலில்கூடக் குனியாத அளவுக்குக் குனிந்து, தந்திகளுக்கு மேல் வாயை வைத்தார்.

“எச்சித் தட்ட யாரு பெஞ்சு மேல வச்சது?”

தகரக் குரலில் அறை முழுக்க வந்தது. அவரே திடுக்கிட்டார். பிறகு திரும்பக் குனிந்தார்.

“ரெண்டு டீ, நாலு அரிசி ரொட்டி, ஒருத்தருக்குச் சக்கரை இல்ல.”

“மெய், நகரு, நான்,” என்றாள் இபான்.

“இரு. இன்னும் முடிக்கல.” ஆம்ப் வழியாக எதிர்வீட்டுக் கொங்கைப் பற்றி மூன்று உண்மைகள் சொன்னார். அவற்றை இங்கே எழுத முடியாது. இபானுக்கு மூச்சு முட்டியது. மேல்மாடியிலிருந்து அவள் புருஷன் எட்டிப்பார்த்து, ரேடியோ யார் வைத்தது என்று கேட்டான்.

“நாலு வருஷம்,” என்றார் மெய், கண்ணைத் துடைத்துக்கொண்டு. சிரித்ததால் வந்த தண்ணீர்தான். “நாலு வருஷம் எனக்குச் சொல்லல அந்தக் கழுத.” பிறகு என்னிடம், சாதாரணமாக, “கடைசியா இதுல என்ன சொன்னா?”

“மழை நின்னதும் வர்றேன்னு சொன்னா.”

மெய் என்னைப் பார்த்தார். இபானைப் பார்த்தார்.

“என் மகளா? மழை நிக்கிற வரைக்கும் காத்திருந்தாளா? பொறந்ததே குடை இல்லாம.”

“ரேடியோவுலயும் இப்படித்தான் எழுதுறியா?” என்றாள் இபான்.

பிடிபட்டுவிட்டேன். அந்த வரி நான் இந்தக் கதைக்காகப் புதன்கிழமை எழுதியது. நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். நல்ல வரி என்பதால்தான் அவள் அதைச் சொல்லியிருக்க மாட்டாள்.

“சொல்லாட்டி வச்சுக்க,” என்றார் மெய், எழுந்துகொண்டு. “முக்கறதா வேணாமான்னு நீ சொல்லு. நான் சொல்லமாட்டேன். இவளும் சொல்லமாட்டா.”

“நான் சொல்லுவேனே,” என்றாள் இபான்.

“நீ பல்லு வெளக்கு.”

6

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

முதலாவது: முக்கவில்லை. சனிக்கிழமை மேடையில் கிட்டார் கத்துகிறது. இபான் அசையாமல் நிற்கிறாள். நான் மூன்றாவது வரிசையில் ஜெயித்தவனாக உட்கார்ந்திருக்கிறேன். [யாரை ஜெயித்தேன்?]

இரண்டாவது: மாவ்லாய்க்குக் கொண்டுபோகிறேன். அம்மா ஊறுகாயை எடுத்துக்கொண்டு, கிட்டாரை ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்கிறாள்.

மூன்றாவது: முக்கிவிடுகிறேன். இபான் வாசிக்கிறாள். கிட்டாரின் ஒலியில் ரிஷாவின் குரல் கலந்திருப்பதாக எனக்கு—

இல்லை. இதற்கு மேல் அந்த வாக்கியத்தை எழுதினால் என் இயற்பியல் பட்டத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

7

மூன்றுமே சரியில்லாததால் வெள்ளிக்கிழமை மதியம் அரை நாள் விடுப்பு எடுத்துக் கிட்டாரோடு மில்லியனிடம் போனேன். முடிவு செய்துவிட்டுப் போகவில்லை. கால் போனது.

அவன் அடுப்பில் சோற்றுப் பானை. பானைக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் பால்டின். அதில் மெழுகுவத்தித் துண்டுகளும், சந்தையில் தேன் விற்பவரிடம் வாங்கிய தேன்மெழுகும். பட்டறை முழுக்க இனிப்பு வாசனை.

“நான் வருவேன்னு எப்படித் தெரியும்?”

“தெரியாது. நேத்தும் வச்சேன். நேத்து நீ வரல, சோறு வைக்கப் பானை இல்ல. முழுப் பட்டினி.” குச்சியால் கிளறினான். “பா டோமிக்கு எழுதிட்டியா? என்ன எழுதுன?”

“வாசிப்பதன் சுகம்.”

“வாசிக்காமலா?”

“ஆமா.”

“அசிங்கம்டா. நீச்சல் தெரியாதவன் ஆத்தைப் பத்தி எழுதுன மாதிரி.” கிட்டாரை எடுத்து என் தோளில் மாட்டினான், ஆம்ப்பைப் போட்டான். “ரெண்டு விரல். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. மிச்சத்த விட்டுரு. இப்ப மேலேருந்து கீழ ஒரு இழு. மெதுவா இல்ல. திருட்டுத்தனமா வாசிக்காத.”

இழுத்தேன்.

இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் உங்களை உட்காரவைத்தேன். ஆனால் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. ஒலி ஆம்ப்பிலிருந்து வருவதற்கு முன் விலா எலும்பில் வந்தது. மரம் வயிற்றில் நடுங்கியது. என் முன்கை, சிவப்பு போன அந்த இடத்தில் தானாகப் போய் உட்கார்ந்திருந்தது. அங்கே வழவழப்பாக இருந்தது. கை வைக்க வேறு இடம் அந்தக் கிட்டாரில் கிடையாது. யார் வாசித்தாலும் கை அங்கேதான் போகும். ஆறு தந்தியும் ஒன்றாகத் தொடங்கி, ஆளுக்கொரு நேரத்தில் ஓய்ந்தன. தடித்த தந்தி கடைசிவரை இருந்தது. அது ஓய்வதற்கு முன் இன்னொரு முறை இழுத்தேன். பிறகு இன்னொரு முறை. வேலை செய்யாத சுவிட்சைப் போட்டுவிட்டு இன்னொரு முறை. பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக, ஒரு காரியத்தை முடிப்பதற்குள் அதையே திரும்பச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. பிக்கப் கீ என்று கத்தியது. மில்லியன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு அவன்தான் சொன்னான்.

“போதும்டா. மெழுகு ரெடி.”

“ஒரு நிமிஷம்.”

தோளிலிருந்து கழற்றி மேசை மேல் படுக்கவைத்தேன். தந்திகள் ஓயும்வரை உள்ளங்கையால் மூடினேன். குனிந்தேன். மரத்தில் பழைய வார்னிஷும் கொஞ்சம் வியர்வையும் மணத்தது. பிக்கப்புக்கு மிக அருகில் வாயை வைத்து ஒரே வார்த்தை சொன்னேன்.

“கொழுப்போட.”

ஆம்ப் அதைத் தகரக் குரலில் திரும்பச் சொன்னது. என் குரல் அதில் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“என்னது?” என்றான் மில்லியன்.

“உனக்கில்ல.”

“கொழுப்பெல்லாம் சேக்கமாட்டேன்டா. இது சுத்தமான மெழுகு.”

“சரி. போடு.”

திருகுகளைக் கழற்றினான். 1966ஆம் வருடத்து ஈயத்தை உருக்கினான். [பா டோமி, இதைப் படித்தால் மன்னியுங்கள்.] தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான பொருள். நூலில் கட்டி மெழுகுக்குள் இறக்கினான். உள்ளேயிருந்த காற்று சின்னச் சின்னக் குமிழியாக மேலே வந்தது. ஐம்பத்தெட்டு வருடத்துக் காற்று.

“குமிழி நின்னா முடிஞ்சுது,” என்றான். “டீ சொல்லவா?”

“சொல்லு.”

டீ வந்தது, குடித்தோம். அப்போதும் ஒன்றிரண்டு வந்துகொண்டிருந்தது.

8

சனிக்கிழமை விழா. இபான் ஆடினாள். மெய் முன்வரிசையில், சால்வையோடு. இவ்வளவுதான் நான் சொல்வேன். கிட்டார் எப்படி ஒலித்தது, நல்லா இருந்துச்சு என்று முடிக்கலாமா, நான் மாவ்லாய்க்குப் போனேனா அல்லது காலையில் இன்னும் இரண்டு கோப்பைத் தேநீர் வைக்கிறேனா, இவற்றை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னைவிட நன்றாகவே முடிப்பீர்கள். உங்களுக்கு அவசரம் இல்லை.

ஒன்றை மட்டும் உங்களிடம் விடமாட்டேன். நான் போட்ட பொய்யை நானே எடுக்க வேண்டும். மெய்யிடம் நேற்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டி, “இதுதான் என் மக” என்றார்.

ரிஷா கடைக்குப் போன அன்று காலை ஏழே முக்கால். நான் சமையலறையில், போனில், ஒரு நிலச்சரிவுச் செய்தியை நிலையத்துக்கு வரிவரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. அறைக்குள்ளிருந்து ஆம்ப் பேசியது. கையை ஆட்டினேன். அறையிலிருந்து பார்த்தால் என் கை தெரியாது. கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது, காத்திருந்தாள் போல. பிறகு ஆம்ப் அணையும் சத்தம். பிறகு கதவு.

அவள் சொன்னது:

“கின்சாய், நாளைக்குச் சமைக்கப் பன்னிக்கறி வாங்கப் போறேன். கொழுப்போடவா, கொழுப்பில்லாமலா?”